புதுப்பிப்பு: போஸ்ட்கிரெஸ் சேவரில் மற்றக் கணினிகள் இணையாத சிக்கல் தீர்ந்தது

கிளிநொச்சியில் எங்கள் கமக்காரர் அமைப்பு அலுவலகத்தில் உபுண்டு சேவரில் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளை நிறுவியிருந்தோம். சேவரில் தரவுத்தளம் திறந்தது. பக்கத்து அறைக் கணினிகளில் 'கனெக்ஷன் ரிஃபியூஸ்ட்' (இணைப்பு மறுக்கப்பட்டது) என்று வந்தது. அதைத்தான் இங்கே கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

பலர் ஃபயர்வாலை (இணைப்புகளை வடிகட்டும் தடுப்பு) சொன்னீர்கள். அதில் போஸ்ட்கிரெஸின் 5432 போர்ட் திறந்தேதான் இருந்தது. ஃபயர்வால் தடுத்திருந்தால் பெரும்பாலும் டைம்அவுட்தான் (பதிலே வராமல் நேரம் முடிவது) வரும். எந்த முகவரிகளில் இணைப்பை ஏற்பது என்று சொல்லும் 'லிசன் அட்ரெஸஸ்' அமைப்பைப் பார்க்கச் சொன்ன அண்ணா சொன்னதே சரி. இயல்பாக அது 'லோக்கல்ஹோஸ்ட்' (அதே கணினி) மட்டும். சேவரின் ஐபி முகவரியையும் சேர்த்து ரீஸ்டார்ட் செய்தேன் (நிறுத்தாமல் அமைப்பை மட்டும் மறுபடி படிக்கும் ரீலோட் போதாது). அப்புறம் வேறு பிழை: யார் எங்கிருந்து இணையலாம் என்று சொல்லும் பிஜி_எச்பிஏ கோப்பில் அனுமதி வரி இல்லையாம். அலுவலக நெட்வொர்க்கிற்கு மட்டும் ஸ்க்ராம் என்ற கடவுச்சொல் சரிபார்ப்பு முறையில் ஒரு வரி சேர்த்து ரீலோட் செய்ததும் இணைந்தது. "ட்ரஸ்ட் என்று போடுங்கோ, தலையிடி இல்லை" என்ற யோசனையை எடுக்கவில்லை. அது கடவுச்சொல்லே கேட்காது. உள்ளே இருப்பது உறுப்பினர்களின் அடையாள அட்டை இலக்கமும் வயல் காணி விபரமும்.

எதிர்பாராதது பெயர்ப் பட்டியல். கமலாவுக்கு முன்னால் கனகம்மா, தங்கம்மாவுக்கு முன்னால் ஜெயா! சேவரின் லொகேல் (மொழி அமைப்பு) 'சி.யூடிஎஃப்-8' என்பதால், எழுத்துகளுக்கு யூனிகோட் கொடுத்த எண் வரிசையில் அடுக்கியிருக்கிறது. அதில் 'ன' எழுத்து 'ந'வை அடுத்தும் ('ம'வுக்கு முன்), 'ஜ' எழுத்து 'ச'வை அடுத்தும் ('த'வுக்கு முன்) வரும். பெயர் நெடுவரிசைக்கு 'டிஏ-எக்ஸ்-ஐசியூ' என்ற தமிழ் கொலேஷன் (வரிசைப்படுத்தும் விதி) கொடுத்ததும் அகராதி வரிசை வந்துவிட்டது. போஸ்ட்கிரெஸ் 10 முதல், ஐசியூ என்ற யூனிகோட் நூலகத்தின் கொலேஷன் உண்டு. தனியாக எதுவும் நிறுவத் தேவைப்படவில்லை.