மறுமொழி: எஸ்கேப்மென்ட் – 'விடுதடை' சரிவருமா?

வணக்கம் ஐயா,

எஸ்கேப்மென்ட் என்பது கடிகாரத்தின் பற்சக்கரத்தை ஒவ்வொரு பல்லாகத் தடுத்துத் தடுத்து விடும் உறுப்பு. அதற்கு 'விடுதடை' எதற்கு என்று நீங்கள் கேட்டது:

> 'விடுவிப்பி' போதுமே. ஆங்கிலப் பெயரும் தப்பித்தலை மட்டும்தானே சொல்கிறது?

ஆங்கிலம் பாதியைச் சொன்னால் நாமும் பாதியோடு நிற்க வேண்டுமா? இந்தச் சொல்லைத் தேட வைத்த கார்ப்பஸ் கடிகாரத்தையே சாட்சிக்கு அழைக்கிறேன். கேம்பிரிட்ஜில் கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியின் நூலகச் சுவரில், தெருவைப் பார்த்தபடி இருப்பது. 2008 செப்டம்பர் 19 அன்று ஸ்டீபன் ஹாக்கிங் திறந்துவைத்தார். சுமார் ஒன்றரை மீட்டர் அகலத் தங்கமுலாம் வட்டு. முள் இல்லை, எண் இல்லை. பிளவுகளில் தெரியும் நீல ஒளிதான் நேரம் காட்டும். வட்டின் விளிம்பெங்கும் பற்கள். உச்சியில் வெட்டுக்கிளி போன்ற ஒரு பூச்சி. அதன் கால் ஒரு பல்லைப் பற்றி நிறுத்தும், பிறகு விடும். அதற்குள் மறுகால் இன்னொரு பல்லைப் பிடித்திருக்கும். 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயக் கடிகாரக் கலைஞர் ஜான் ஹாரிசன் வகுத்த இந்த அமைப்பு வழக்கமாகக் கடிகாரத்தின் வயிற்றுக்குள் கிடக்கும். இந்தக் கடிகாரத்தை உருவாக்கிய ஜான் டெய்லர் அதை வெளியே எடுத்து உருவம் கொடுத்தார்.

பிடிக்காமல் விட்டுக்கொண்டே இருந்தால் அது கடிகாரமே அல்ல. எங்கள் தாத்தா வீட்டுச் சாவிக் கடிகாரத்தில் ஊசலைக் கழற்றினால் உள்ளே நங்கூரம் (சக்கரப் பற்களைத் தடுத்து விடும் நங்கூர வடிவத் துண்டு) படபடவென்று அடித்துக்கொள்ளும், முள் ஓட்டமெடுக்கும். நங்கூரத்தையும் எடுத்துவிட்டால் சுருள்வில் ஒரே மூச்சில் அவிழ்ந்துவிடும். ஆகவே தடையும் வேண்டும், விடுப்பும் வேண்டும்.

'தடுத்துவிடு', 'பற்றிவிடு' என்று இணைத்துப் பார்த்தேன். 'விடு' துணைவினையாகி, முழுக்கத் தடுப்பதாகப் பொருள் திரும்பிவிடுகிறது. முன்பின்னாக மாற்றியதும் விடுதடை கிடைத்தது. ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை: விட்ட தடை, விடுகின்ற தடை, விடும் தடை. மூன்று காலமும் அடங்கிய சொல் கடிகார உறுப்புக்கு வாய்த்ததில் எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி. சொற்குடும்பமும் எளிதாக விரிகிறது: விடுதடைச் சக்கரம், நங்கூர விடுதடை, வெட்டுக்கிளி விடுதடை.

'விடுதலை' என்பதன் எழுத்துப்பிழையாகத் தோன்றும் என்று தனிமடலில் ஒருவர் எழுதியிருந்தார். முதல் இடத்தில் தோன்றலாம். பக்கத்தில் சக்கரமும் ஊசலும் வந்தபின் யாரும் தடுமாறமாட்டார்கள்.

குரோனோஃபேஜ் என்ற அந்தப் பூச்சிக்கு நீங்கள் தந்த 'காலந்தின்னி'யை அப்படியே ஏற்கிறேன். எறும்புதின்னி அறிந்த பிள்ளைக்கு விளக்கமே தேவையில்லை. ஒவ்வொரு நிமிடமும் அது வாயைத் திறந்து மூடுவதைப் பார்த்தாலே போதும்.

பாக்கி இருப்பது பேலட். பல்லில் படும் அந்த நுனியை 'தடைநகம்' என்கிறேன், பூச்சியின் காலுக்கும் பொருந்தும் என்பதால். 'தடைநா' என்பாரும் உண்டு. கடிகாரம் பழுதுபார்ப்பவர்களோடு பழகியவர்கள் குழுவில் இருந்தால், பட்டறையில் காதில் விழுந்த சொல்லை அவசியம் எழுதுங்கள்.