வார்டுக்கு வராத நாளுக்கு 500 ரூபாய்: செவிலியர் கல்லூரிச் சுற்றறிக்கை நியாயமா?

ஆலங்குளத்தார்:
என் மகள் நெல்லைப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். கல்லூரியின் பெயரைச் சொல்லப்போவதில்லை; அவள் இன்னும் அங்கேதான் படிப்பை முடித்தாக வேண்டும். சென்ற வாரம் பெற்றோருக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. மருத்துவமனைப் பயிற்சிக்கு வராத ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் அபராதம். அந்த நாளை விடுமுறையில் வந்து ஈடுகட்டவும் வேண்டும். வார்டுக்குள் கைப்பேசி அகப்பட்டால் பறிமுதல், படிப்பு முடிகிறவரை திரும்பக் கிடைக்காது. அபராதப் பாக்கி இருந்தால் அசல் சான்றிதழ்கள் தரப்பட மாட்டா. கீழே பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு கோடு.

நான் சந்தைக்குக் காய்கறி ஏற்றும் வண்டி ஓட்டுகிறேன்; வீட்டில் பீடி சுற்றுகிறார்கள். மகளுக்கு மஞ்சள் காமாலை வந்து பத்தியத்தில் கிடந்த நாட்களுக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். கையெழுத்துப் போடலாமா? பணம் கட்டிப் படிக்கிற பிள்ளைக்கு உரிமை என்று ஏதாவது உண்டா, இல்லையா?

பாளை சிஸ்டர்:
அண்ணாச்சி, உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் அபராதத்தையும் வருகையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள். நான் அரசு மருத்துவமனைகளில் பணிசெய்து கண்காணிப்பாளராக ஓய்வுபெற்றவள். இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி தேர்வு எழுத 80 விழுக்காடு வருகை போதும். பட்டம் வாங்குவதற்கு முன் ஒவ்வொரு செய்முறைப் பிரிவிலும் 100 விழுக்காடு வருகை வேண்டும். மகப்பேறு வார்டில் நான்கு நாள் விட்டால் அந்த நான்கு நாளையும் மகப்பேறு வார்டிலேயே நின்று முடிக்க வேண்டும். காய்ச்சல் என்றாலும், அக்காள் கல்யாணம் என்றாலும் எந்தக் கல்லூரி முதல்வராலும் அதைத் தள்ளுபடி செய்ய முடியாது.

இது கொடுமை என்று நினைக்கிறவர்கள் ஏதாவது ஒரு பொது வார்டில் கேஸ் ஷீட்டுகளைப் புரட்டிப் பாருங்கள். மூச்சு எண்ணிக்கைக் கட்டத்தில் பெரும்பாலும் எல்லோருக்கும் 20 என்றே எழுதியிருக்கும். வார்டு முழுவதும் ஒரே வேகத்தில் மூச்சு விடுவார்களா? ஒரு நிமிடம் நின்று நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணச் சோம்பல்! நோயாளியின் நிலை மோசமாகிறது என்பதைப் பல நேரங்களில் இரத்த அழுத்தத்துக்கு முன்பே காட்டிக்கொடுப்பது அந்த எண்தான். வார்டில் நின்று பழகாத பெண் அதை எங்கே கற்பாள்? உரிமை பேசும் பிள்ளைகள் இதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

வண்ணார்பேட்டை வக்கீல்:
சிஸ்டர் சொன்ன வருகை விதியில் எனக்கு வழக்கில்லை. ஈட்டு நாள் கேட்பது கவுன்சில் விதி. ஆனால் ஈட்டு நாளும் வாங்கிக்கொண்டு பணமும் வாங்குவது எந்த விதி? வராத நாளை அந்தப் பெண் விடுமுறையில் வந்து தீர்த்துவிட்டாள் என்றால் 500 ரூபாய் எதற்கு?

சான்றிதழ் விஷயத்தில் சந்தேகத்துக்கே இடமில்லை. அசல் சான்றிதழ்களைச் சேர்க்கையின்போது சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும், கல்லூரி தன் வசம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரிலேயே அறிவித்துவிட்டது. கல்விச் சான்றிதழ் விற்பனைச் சரக்கு அல்ல, அதைப் பிணையாகப் பிடித்துவைக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றமும் கூறியிருக்கிறது. இதற்குப் பிறகும் துணிந்து அச்சடித்து அனுப்புகிறார்கள் என்றால், பெற்றோர் எவரும் கேட்க மாட்டார்கள் என்ற நம்பிக்கைதான் காரணம்.

மானியக் குழுவின் 2023ஆம் ஆண்டு விதிகளில், சான்றிதழைத் தர மறுப்பது மாணவர் குறைகளில் ஒன்றாகவே பட்டியலிடப்பட்டிருக்கிறது. முதலில் கல்லூரியின் குறைதீர்ப்புக் குழுவிடம் எழுதிக் கொடுங்கள். அங்கே தீராவிட்டால் பல்கலைக்கழகம் நியமித்திருக்கும் குறைகேள் அலுவலரிடம் மேல்முறையீடு. கையெழுத்தைப் பொறுத்தவரை, விதிக்கு முரணான நிபந்தனைக்கு நீங்கள் ஒப்புக்கொண்டாலும் அது செல்லுபடியாகிவிடாது. அதற்காகப் போட்டுவைக்கவும் வேண்டாம்.

மானூரான்:
எல்லோரும் கல்லூரிக்கும் மாணவருக்கும் நடுவில் நின்று பேசுகிறீர்கள். கட்டிலில் கிடக்கிறவரைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. என் தாயாரை வயிற்றுவலி என்று ஒரு பயிற்சி மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். மாணவர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து வயிற்றை அழுத்திப் பார்த்தார்கள். "அழுத்தலாமா அம்மா?" என்று ஒரே ஒரு பையன்தான் கேட்டான். அடுத்த கட்டிலருகே ஒரு பெண் சிரித்தபடி தன்னைப் படமெடுத்துக்கொண்டிருந்தாள். பின்னால் மூக்கில் குழாயோடு ஒரு பாட்டி. அந்தப் படம் எங்கெல்லாம் போயிற்றோ.

2024 பிப்ரவரியில் கர்நாடகத்தின் கதக் அரசு மருத்துவக் கல்லூரியில், மருத்துவமனை வளாகத்தில் ஆடிப்பாடி ரீல்ஸ் எடுத்ததற்காக 38 மாணவர்கள் மீது நடவடிக்கை எடுத்தார்களே, அது சரியான காரியம். கைப்பேசியைப் பறித்தால் பறிக்கட்டும். என்னைக் கேட்டால் திருப்பியே தரக் கூடாது.

ஏரல் பெண்:
நான் வேறொரு கல்லூரியில் இறுதியாண்டு நர்சிங் படிக்கிறேன். மானூரண்ணன் சொன்ன படமெடுப்பு அருவருப்பானது. எங்கள் வகுப்பிலும் நடக்கிறது, நாங்களே திட்டுகிறோம். ஆனால் எங்களைப் பற்றி இங்கே பேசுகிறவர்கள், எங்களுக்கு வேலை செய்ய மனமில்லை என்ற இடத்திலிருந்தே தொடங்குகிறீர்கள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் மழை கொட்டி, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது நினைவிருக்கும். தாமிரபரணி ஏறியதில் ஏரல் துண்டிக்கப்பட்டது. அரசு விட்ட விடுமுறை முடிந்த பிறகும் எங்கள் ஊரிலிருந்து பாளையங்கோட்டைக்குப் போக வழி இல்லை. வராத நாள் வராத நாள்தான் என்று என் பெயரிலும் எழுதினார்கள். ஈட்டு நாள் செய்து முடித்தேன். அதற்கு நான் அழவில்லை.

அழ வேண்டியது வேறு விஷயம். என் தோழிக்குப் பயிற்சியின்போது, நோயாளிக்குப் போட்ட ஊசி விரலில் குத்திவிட்டது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் 'கவனக்குறைவு' என்று பதிவேட்டில் ஏறும், அபராதம் வரும், தகப்பனாரை வரவழைப்பார்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. தொடங்கினால் 28 நாள் சாப்பிட வேண்டும். இவையெல்லாம் அவளுக்குத் தெரியும், தேர்வில் எழுதியும் இருக்கிறாள். மறுநாள் இரவு விடுதியில் அழுதபோதுதான் எங்களுக்கே தெரிந்தது. நாங்கள் நால்வர் வற்புறுத்தி அழைத்துப் போனோம். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியாவது மூன்று தவணையும் போட்டிருக்கிறாளா என்று பார்த்தால், முதலாண்டில் இரண்டோடு நின்றுவிட்டிருக்கிறது. கல்லூரியில் எவரும் கேட்கவில்லை.

இப்போது சொல்லுங்கள், தண்டனையால் ஒழுங்கு வளர்ந்ததா, ஒளிப்பது வளர்ந்ததா? தனக்குக் குத்தியதையே மறைப்பவள், நாளை நோயாளிக்கு மருந்து மாற்றிக் கொடுத்துவிட்டால் வந்து சொல்வாளா?

பாளை சிஸ்டர்:
அம்மா, முதலில் ஒன்று கேட்கிறேன். ஊசி எப்படிக் குத்தியது? பயன்படுத்திய ஊசிக்குத் திரும்ப மூடி மாட்டினாளா?

ஏரல் பெண்:
ஆமாம்.

பாளை சிஸ்டர்:
பார்த்தீர்களா? மூடியைத் திரும்ப மாட்டக் கூடாது என்பது முதல் வாரத்துப் பாடம். அதை மீறியவளுக்கு ஒரு கண்டிப்பும் கூடாதென்றால், அடுத்த முறை அந்த ஊசி குப்பை அள்ளும் ஆயாவின் கையில் குத்தும். அவருக்குத் தேர்வும் இல்லை, சங்கமும் இல்லை.

ஏரல் பெண்:
பாடம் எங்களுக்கும் நடத்தினார்கள், சிஸ்டர். ஊசி வெட்டும் கருவி அந்த வார்டில் பழுதாகிக் கிடந்தது. இன்னொன்று எதிர்க்கோடி அறையில். கையில் திறந்த ஊசியோடு, உறவினர்கள் தரையில் படுத்திருக்கும் நடையைக் கடந்து போக வேண்டும். அவள் மூடி மாட்டியது தவறுதான். கருவி பழுதானதற்கு எந்தப் பதிவேட்டில் யார் பெயர் ஏறியது?

மானூரான்:
இந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருக்கிறது. கைப்பேசி விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வண்ணார்பேட்டை வக்கீல்:
கைப்பேசித் தடைக்கு நானும் ஆதரவு. நோயாளியின் அடையாளம் தெரியும்படி அவர் அனுமதியின்றிப் படம் வெளியிடக் கூடாது என்று மருத்துவ கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகள் சொல்கின்றன. அவை பதிவுபெற்ற மருத்துவர்களுக்கானவை. மாணவரை நேரடியாகக் கட்டா. அதனாலேயே கல்லூரி தனக்கென்று ஒரு விதி வகுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் வார்டு வாசலில் வாங்கி வைத்து மாலையில் திருப்பிக் கொடுப்பது ஒழுங்குமுறை. ஒருவர் பொருளை ஆண்டுக்கணக்கில் பூட்டிவைப்பது வேறு. படமெடுத்தவரை விசாரித்து இடைநீக்கம் செய்யுங்கள். விசாரணை என்றால் குற்றச்சாட்டை எழுத்தில் கொடுத்து, பதில் கேட்டு, பிறகு முடிவெடுப்பது.

கல்லூரி நிர்வாகி:
நான் இன்னொரு நர்சிங் கல்லூரியின் அறக்கட்டளையில் இருக்கிறேன். வக்கீல் கேட்ட கேள்விக்கு நேரடியாகவே பதில் சொல்கிறேன். மாணவிகளை வெளி மருத்துவமனைக்குப் பயிற்சிக்கு அனுப்ப, தலைக்கு இவ்வளவு என்று நாங்கள் கட்டணம் செலுத்துகிறோம். ஒரு பெண் வராவிட்டாலும் அந்தப் பணம் திரும்பாது. ஈட்டு நாளுக்கு மறுபடி அனுமதி, மறுபடி பஸ், மறுபடி ஓர் ஆசிரியை. அபராதம் இல்லாத காலத்தில் சித்திரை, வைகாசியில் வரும் கோயில் கொடை விழாக்களின்போது பாதி வகுப்பு காணாமல் போகும். ஊர்க் கொடைக்குப் போகாவிட்டால் சாமி குற்றமாம். அபராதம் போட்ட ஆண்டிலிருந்து சாமிகள் சமாதானமாகிவிட்டன.

ஆலங்குளத்தார்:
கொடைக்குப் போனவளுக்கும் காமாலையில் படுத்தவளுக்கும் ஒரே விலையா, ஐயா? மருத்துவச் சீட்டைக் கொடுத்தோம். வாங்கி வைத்துக்கொண்டு, "விதி எல்லோருக்கும் ஒன்றுதான்" என்றார்கள். காமாலைக்காரியை வார்டுக்குள் விட்டால் அது நோயாளிக்கு நல்லதா? 500 ரூபாய்க்குப் பயந்து காய்ச்சலோடு போன பிள்ளைகளும் அந்த வகுப்பில் இருக்கிறார்கள்.

வண்ணார்பேட்டை வக்கீல்:
நிர்வாகி சொன்னது செலவுக் கணக்கு. செலவு என்றால் அதைக் கட்டணமாகச் சேர்க்கையின்போதே சொல்லியிருக்க வேண்டும். நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் வசூலிப்பதைத் தமிழ்நாட்டின் 1992ஆம் ஆண்டு நன்கொடைத் தடைச் சட்டம் தடுக்கிறது. இந்த அபராதம் அதற்குள் வருமா என்று நீதிமன்றத்தில் வாதிட நல்ல இடமிருக்கிறது. ஒழுங்குக்காக என்றால் காரணத்தைப் பார்க்க வேண்டும். காரணத்தையே பார்க்காத தண்டனையை ஒழுங்கு நடவடிக்கை என்று என்னால் ஒத்துக்கொள்ள முடியாது.

பாளை சிஸ்டர்:
காமாலைப் பெண்ணுக்கு அபராதம் போட்டது மடத்தனம். அதில் எனக்கு இரண்டு எண்ணம் இல்லை. நோயோடு வருகிறவளை வாசலிலேயே திருப்பி அனுப்புவதுதான் வார்டு சிஸ்டரின் வேலை. ஆனால் ஏரல் பெண் சொல்வதுபோல் தவறுக்கெல்லாம் தண்டனையே கூடாது என்பதை ஏற்க மாட்டேன். குத்திய உடனே வந்து சொன்னவளுக்கு அபராதமும் கூடாது, தகப்பனாரை அழைக்கவும் கூடாது. மருந்தும் பரிசோதனையும் கல்லூரிச் செலவில் நடக்க வேண்டும். எண்ணாமலே 20 என்று எழுதியவளுக்கு, செய்யாத வேலைக்குச் செய்முறைப் பதிவேட்டில் தானே கையெழுத்துப் போட்டுக்கொண்டவளுக்கு மன்னிப்பு கிடையாது. முன்னது தவறு, பின்னது பொய்.

ஏரல் பெண்:
தண்டனையே கூடாது என்று நான் எங்கும் எழுதவில்லை. பதிவேட்டுக் கையெழுத்தைப் பற்றிச் சொல்கிறீர்கள். மூன்று வார்டுக்கு ஓர் ஆசிரியை என்று அனுப்பினால், செய்த வேலைக்கே கையெழுத்து வாங்க ஆள் கிடைப்பதில்லை. கடைசி வாரத்தில் மொத்தமாக வைத்து ஒரே பேனாவில் கையெழுத்திடுவார் ஆசிரியை. அந்தப் பொய்க்கு எவ்வளவு அபராதம்?

ஆலங்குளத்தார்:
இப்படிச் செய்யப்போகிறேன். சுற்றறிக்கையில் கையெழுத்திடாமல் ஒரு கடிதம் கொடுக்கிறேன். ஈட்டு நாட்களை மகள் முழுமையாகச் செய்வாள். அபராதத்துக்கு எந்த விதி ஆதாரம் என்று எழுத்தில் கேட்கிறேன். சான்றிதழ்களை இப்போதே திருப்பிக் கேட்கிறேன். குறைதீர்ப்புக் குழுவில் யார் யார் என்றும் கேட்கிறேன். மகள் வேண்டாம் என்று அழுகிறாள்; கல்லூரியே போடும் அக மதிப்பெண்ணில் கை வைத்துவிடுவார்களாம். அதனால் என்னோடு இன்னும் சில பெற்றோரைச் சேர்த்துக்கொண்டு ஒரே கடிதமாகக் கொடுக்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். பாவூர்சத்திரத்திலிருந்து இருவர் சம்மதித்திருக்கிறார்கள்.

பாளை சிஸ்டர்:
கடிதத்தில் இதையும் எழுதுங்கள், அண்ணாச்சி: விடுமுறையில் வரும் ஈட்டு நாட்களில் வார்டில் ஆசிரியை உடன் இருப்பாரா? ஆள் பற்றாக்குறையைச் சமாளிக்க, ஈட்டு நாள் என்ற பெயரில் மூன்றாமாண்டுப் பெண்ணைத் தனியே இரவுப் பணியில் நிறுத்தும் இடங்களை நான் பார்த்திருக்கிறேன். அது பயிற்சி அல்ல, சம்பளமில்லாத வேலை. மேற்பார்வை இல்லாத நாளைப் பயிற்சி நாளாக எண்ணக் கூடாது என்று நானே வந்து சொல்வேன்.

கல்லூரி நிர்வாகி:
விடுமுறையில் ஆசிரியைக்குத் தனிச் சம்பளம் கொடுக்க வேண்டும், சிஸ்டர். அதை யார் தருவது?

வண்ணார்பேட்டை வக்கீல்:
சேர்க்கையின்போது வாங்கிய கட்டணத்துக்குள் ஆசிரியை சம்பளம் இல்லையென்றால், அந்தக் கட்டணத்தில் என்னென்ன இருக்கிறது என்று ஒரு பட்டியல் போடுங்கள். ஆலங்குளத்து அண்ணாச்சி அதையும் கடிதத்தோடு இணைத்துவிடுவார்.

கல்லூரி நிர்வாகி:
பட்டியலை எங்கள் மாணவிகளின் பெற்றோர் கேட்டால் தருவேன். இணையத்தில் கேட்பவர்களுக்கு அல்ல.

ஆலங்குளத்தார்:
உங்கள் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் யாராவது இதைப் படித்தால் நாளையே போய்க் கேட்டு வாங்குங்கள். எங்களுக்கு ஒரு மாதிரிப் பட்டியல் கிடைத்ததுபோல் இருக்கும்.