டொலர் தாளில் கடவுள் பெயர் இருக்கிறதே, அங்கே மதமும் அரசும் உண்மையில் பிரிந்துதான் இருக்கின்றனவா?

உப்புவெளியாள் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். மகள் உயர்தரத்தில் அரசியல் விஞ்ஞானம் படிக்கிறாள். அடுத்த கிழமை பள்ளிக்கூடத்தில் விவாதம், தலைப்பு "நாட்டின் மகுட வாசகத்தில் மதத்துக்கு இடமிருக்கலாமா". இருக்கக் கூடாது என்ற பக்கம் இவளுக்கு விழுந்திருக்கிறது. அமெரிக்காவில் மதத்தையும் அரசையும் பிரித்து வைத்திருக்கிறார்கள் என்று படித்ததை வைத்துக்கொண்டு சந்தோஷமாக எழுதத் தொடங்கினாள். மைத்துனர் போன முறை வந்தபோது கொடுத்த ஒரு டொலர் தாளைத் தேவாரப் புத்தகத்துக்குள் வைத்திருந்தவள், அதை எடுத்துத் திருப்பிப் பார்த்திருக்கிறாள். பின்பக்கம் இடது கையில் கண் வைத்த பிரமிட், வலது கையில் கழுகு, நடுவில் பெரிதாக ஒன்று என்ற சொல், அதற்கு நேர் மேலே "கடவுளில் நம்பிக்கை வைக்கிறோம்" என்று ஆங்கிலத்தில். எழுத்து அந்த இடத்தோடு நின்றுவிட்டது.

"பிரித்து வைத்திருக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு காசில் கடவுள் பெயரை எப்படி அடிக்கலாம் அப்பா" என்கிறாள். நான் கடையில் கணக்கெழுதுகிறவன், எனக்கு அந்த நாட்டுச் சட்டம் தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு கேட்டதுதான் எனக்குப் பெரிய கஷ்டம். "எங்கள் காசில் அப்படி ஒரு வாசகமும் இல்லையே, அப்படியென்றால் நாங்கள் அமெரிக்காவைவிட நல்ல நிலையிலா இருக்கிறோம்?" திருகோணமலையில் இருந்துகொண்டு இதற்கு ஓம் என்று சொல்ல வாய் வரவில்லை, ஏன் இல்லை என்று பிள்ளைக்கு ஆத்திரப்படாமல் சொல்லிக் கொடுக்கவும் தெரியவில்லை. தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்குங்கள்.

மடத்தடி எழுதியது:

அண்ணா, பிள்ளை சரியான இடத்தில்தான் நின்றிருக்கிறாள். முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிக்கொடுங்கள். அந்த வாசகம் அமெரிக்கா உருவானபோது வந்ததில்லை. அவர்களுடைய அரசியலமைப்பின் உறுப்புரைகளில் கடவுளைப் பற்றிப் பேச்சே இல்லை, பதவிக்கு வருகிறவரிடம் மதப் பரீட்சை வைக்கக் கூடாது என்றுகூட எழுதியிருக்கிறது. 1791இல் வந்த முதலாம் திருத்தம் அரச மதம் ஒன்றை நிறுவக் கூடாது என்கிறது. மதத்துக்கும் அரசுக்கும் நடுவில் "பிரிக்கும் சுவர்" என்ற பேச்சு 1802இல் ஜனாதிபதி ஜெபர்சன் டான்பரி ஊர் பாப்டிஸ்ட் சபைக்காரருக்கு எழுதிய கடிதத்தில் வருவது. அந்தச் சபைக்காரர் தாங்களே சிறுபான்மையாக இருந்து, தங்களுக்கு உரிமை வேண்டும் என்று எழுதியவர்கள். இதை மகள் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தச் சுவரைக் கேட்டவர்கள் கடவுள் இல்லை என்கிறவர்கள் அல்ல, நல்ல பக்திமான்கள்.

பிறகு உள்நாட்டுப் போர். 1861இல் பென்சில்வேனியாவில் ஒரு போதகர் நாணயத்தில் கடவுளை நினைக்க வேண்டும் என்று திறைசேரிச் செயலாளர் சேஸுக்குக் கடிதம் எழுதினார், 1864இல் இரண்டு சதக் குற்றியில் அந்த வாசகம் முதன்முதலாக வந்தது. நாடு உடைந்துகொண்டிருந்த நேரம், ஆட்கள் சாகிற நேரம், கடவுளைக் கூப்பிட்டார்கள், அது விளங்குகிறது. 1907இல் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் புதிய தங்க நாணயங்களில் அதை விட்டுவிட்டார். கடவுள் பெயரைக் காசில் போடுவது அந்தப் பெயருக்கே மரியாதைக் குறைவு என்று நினைத்தவர் அவர். மக்கள் கொதித்தார்கள், 1908இல் காங்கிரஸ் திரும்பக் கொண்டுவந்தது.

நாட்டின் உத்தியோகபூர்வ வாசகமானது 1956இல்தான், ஜனாதிபதி ஐசன்ஹோவர் காலம். சோவியத் யூனியனோடு பனிப்போர், அவர்கள் கடவுளை மறுக்கிறவர்கள், நாங்கள் அப்படியில்லை என்று காட்ட வேண்டியிருந்தது. 1954இல் கொடி உறுதிமொழிக்குள் கடவுளைச் சேர்த்தார்கள், 1955இல் எல்லாக் காசிலும் வாசகம் இருக்க வேண்டும் என்று சட்டம், 1957இலிருந்து தாள்களிலும் வந்தது. அதற்கு முன் 1782இலிருந்து அவர்களுடைய முத்திரையில் இருந்தது "பலவற்றிலிருந்து ஒன்று" என்ற லத்தீன் வாசகம். மகளிடம் இருக்கும் அதே தாளில் கழுகின் அலகில் ஒரு நாடா தொங்கும், பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், அந்த வாசகம் அதில் இருக்கிறது. இரண்டும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில்.

நீதிமன்றத்துக்கும் போனார்கள். 1970இல் ஒரு மேன்முறையீட்டு நீதிமன்றம் இது தேசப்பற்றும் சடங்கும் சார்ந்தது, மதத்தை நிறுவுவது ஆகாது என்றது. 1984இல் வேறொரு வழக்கில் உயர் நீதிமன்ற நீதியரசர் பிரெனன் இன்னும் ஒரு படி போனார். திரும்பத் திரும்பச் சொல்லிச் சொல்லி இந்த வாசகங்களின் மத அர்த்தமே தேய்ந்துவிட்டது, அதனால் இவை தப்பலாம் என்ற கருத்தில் எழுதினார். இதை நான் முதலில் படித்த அன்று வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். கடவுள் பெயரை அரசாங்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் அதற்கு அர்த்தமில்லை என்று ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பக்தியுள்ள ஒருவருக்கு இதைவிட வேதனை என்ன இருக்கிறது? மகளுடைய பக்கத்துக்கு இதுதான் பலமான வாதம், கடைசிக்கு வைத்திருக்கச் சொல்லுங்கள்.

தம்பலகாமம் ரீச்சர் எழுதியது:

மடத்தடி சொன்னதெல்லாம் சரி. நான் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்.

பிள்ளையிடம் ஐந்து ரூபாய்க் குற்றி ஒன்றைக் கொடுங்கள். வாசகம் இல்லை, உண்மை. ஆனால் அரச இலச்சினை இருக்கும், நடுவில் வாளேந்திய சிங்கம், கீழே நெல்லோடு கலசம், இரண்டு பக்கமும் சூரியனும் சந்திரனும், எல்லாவற்றுக்கும் மேலே தர்மச் சக்கரம். கொடியில் நாலு மூலையிலும் அரசிலை. இரண்டும் 1972இல் குடியரசானபோது வந்தவை. அதே ஆண்டு அரசியலமைப்பில்தான் பௌத்தத்துக்கு முதன்மை இடம், அதைப் பாதுகாத்துப் பேணுவது அரசின் கடமை என்று முதல் தடவை எழுதினார்கள். 1978 அரசியலமைப்பில் அது 9ஆம் உறுப்புரை, அதை மாற்ற மூன்றில் இரண்டு பெரும்பான்மை மட்டும் போதாது, சர்வசன வாக்கெடுப்பும் வேண்டும். அதற்கு முன் இருந்த சோல்பரி அரசியலமைப்பில் 29ஆம் பிரிவு, ஒரு சமூகத்துக்கோ மதத்துக்கோ மட்டும் சலுகை கொடுக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் செய்யக் கூடாது என்றது. நாங்கள் ஒரு இடத்தில் இருந்து இன்னொரு இடத்துக்கு நகர்ந்து வந்திருக்கிறோம், வகுப்பில் நான் இதைத் தேதியோடு எழுதிப் போடுவேன்.

10ஆம் உறுப்புரையில் சிந்தனை, மனச்சாட்சி, மதச் சுதந்திரம் எல்லோருக்கும் இருக்கிறது, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தைப்பொங்கலுக்கும் சிவராத்திரிக்கும் ஹஜ்ஜுக்கும் நத்தாருக்கும் லீவு இருக்கிறது, பிள்ளைகள் அவரவர் சமயத்தைப் பாடமாகவே படிக்கிறார்கள். அமெரிக்காவில் அரச பாடசாலையில் ஆசிரியர் பிரார்த்தனை நடத்தவே முடியாது, 1962இல் தீர்ப்பு வந்துவிட்டது. ஆகவே இங்கே பிரிவினை என்ற கொள்கையே இல்லை, எல்லாச் சமயத்தையும் அரசு தொடுகிறது, ஒன்றை மட்டும் முதலில் வைக்கிறது. அந்த "முதலில்" என்ற சொல் வெறும் அலங்காரமா என்று கேட்டால், 2003இல் ஒரு கத்தோலிக்கக் கன்னியர் சபையைச் சட்டப்படியான அமைப்பாகக் கூட்டிணைக்க வந்த சட்டமூலத்தை எங்கள் உயர் நீதிமன்றம் 9ஆம் உறுப்புரைக்கும் மாறானது என்று சொன்னதைக் காட்டுங்கள். 2005இல் ஐ.நா. மனித உரிமைக் குழு அந்தச் சகோதரிகளின் உரிமை மீறப்பட்டது என்றது.

அதே 2005, மே மாதம், எங்கள் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இரவோடிரவாகப் புத்தர் சிலை வந்ததும் கடைகள் பூட்டிக் கிடந்ததும் பிள்ளைக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். சிலையில் எனக்குக் கோபமில்லை. புத்தரை நான் கும்பிடுகிறவள்தான். சந்திக்கு நடுவில் அதை வைத்தது யாருக்கு எதைச் சொல்வதற்காக என்பதுதான் அன்றைக்கும் இன்றைக்கும் கேள்வி.

கோணமாமலை எழுதியது:

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன், கோபிக்க வேண்டாம். கடவுள் பெயர் இருப்பதில் என்ன குறை? எந்தச் சமயம் என்று அதில் எழுதவில்லையே. சம்பந்தர் பாடிய தலம் இது. 1622இல் போர்த்துக்கேயர் கோயிலை இடித்து அந்தக் கல்லிலேயே கோட்டை கட்டினார்கள். இன்றைக்கும் கோணேசரைப் பார்க்க அந்தக் கோட்டை வாசலால், இராணுவ முகாமுக்குள்ளால், மான்களைத் தாண்டித்தான் ஏறுகிறோம். வாசலில் இரட்டைக் கயல் பொறித்த கல் இருக்கிறது, கைவைத்துப் பார்க்காமல் நான் ஏறுவதில்லை. எங்களிடம் எவ்வளவோ பிடுங்கப்பட்டும் கடவுளை நாங்கள் விடவில்லை. பொது இடத்திலிருந்து கடவுளை எடுத்துவிட்டால் பிறகு என்ன மிஞ்சும் என்று பயமாக இருக்கிறது.

மூதூர்க்காரி எழுதியது:

கோணமாமலை ஐயா, உங்கள் மனம் விளங்குகிறது, நானும் ஐந்து வேளை தொழுகிறவள். ஆனால் நீங்கள் சொன்ன கதையையே திரும்ப எண்ணிப் பாருங்கள். கோயிலை இடித்தவர்களிடம் கடவுள் இல்லாமல் இல்லை, நிறையவே இருந்தார், அரசனும் சிலுவையும் ஒன்றாக வந்தபடியால்தான் இடித்தார்கள்.

"எந்தச் சமயம் என்று எழுதவில்லை" என்பதிலும் ஒன்று இருக்கிறது. அந்த டொலர் தாளை ஒரு சிங்கள பௌத்தர் கையில் கொடுத்துப் பாருங்கள். படைத்த கடவுள் ஒருவரில் நம்பிக்கை வைப்பது அவருடைய சமயத்தில் இல்லை. அமெரிக்காவில் குடியிருக்கும் ஒரு பௌத்தருக்கு அந்த "நாங்கள்" என்ற சொல்லுக்குள் தான் இல்லை என்று தெரியும், பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவருக்கு அது கண்ணிலேயே படாது. இங்கே தர்மச் சக்கரம் எங்கள் கண்ணில் படுகிறது, அவர்களுக்குப் படுவதில்லை. ஆள் ஒருவர்தான், நாடு மாறினால் நிற்கிற இடம் மாறுகிறது.

இதை எங்கள் பக்கமும் பேச வேண்டும். 2018இல் எங்கள் நகரத்தில் ஒரு இந்துப் பாடசாலைக்கு முன்னால், அபாயா உடுத்தி வந்த முஸ்லிம் ஆசிரியைகளுக்கு எதிராக ஆர்ப்பாட்டம் நடந்தது. அரச பாடசாலை, அரச சம்பளம். அந்த வாசலில் பெரும்பான்மை யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. இங்கே எழுதுகிறவர்கள் யாரையும் குற்றம் சொல்ல வரவில்லை, ஆனால் மகள் மேடையில் அமெரிக்காவையும் கொழும்பையும் மட்டும் கேட்டுவிட்டு இறங்கினால் அது பாதிப் பேச்சு.

மடத்தடி எழுதியது:

தங்கச்சி சொன்னதோடு ஒரு வழக்கைச் சேர்க்கிறேன். அமெரிக்காவின் நியூ ஹாம்ஷயர் மாநிலத்தில் வாகன இலக்கத் தகட்டில் "சுதந்திரமாக வாழ், இல்லையேல் செத்துப்போ" என்று வாசகம். யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த மேனார்ட் என்பவர் தன் சமய நம்பிக்கைக்கு அது ஒவ்வாது என்று மூடி மறைத்தார், தண்டம், பிறகு சிறை. 1977இல் உயர் நீதிமன்றம், அரசின் வாசகத்தை ஒருவரைத் தன் சொத்தில் சுமக்க வைக்க முடியாது என்றது. காசைப் பற்றியும் ஒரு அடிக்குறிப்பு உண்டு, அது சட்டைப்பைக்குள் கிடப்பது, ஊருக்குக் காட்டித் திரிய வேண்டியதில்லை, ஆகவே வேறு என்றார்கள். எதிரணி கட்டாயம் இதைப் பிடிக்கும். அதற்குப் பதில்: 2018இல் டென்னசி, புளோரிடா மாநிலங்கள் அதே வாசகத்தை அரச பாடசாலைகளில் எல்லோருக்கும் தெரிய வைக்கச் சட்டம் போட்டன. சட்டைப்பைக்குள் இருந்தது சுவருக்கு வந்துவிட்டது.

உப்புவெளியாள் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இரவு மகளை இருத்தி முழுவதையும் வாசித்துக் காட்டினேன். பூதக்கண்ணாடி இல்லை, ஃபோன் கமராவில் பெருப்பித்துக் கழுகின் வாயில் இருக்கும் நாடாவைக் கண்டுபிடித்துவிட்டாள். முதல் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுத் திரும்ப எழுதுகிறாள். ஒரு கையில் டொலர், மறு கையில் ஐந்து ரூபாய்க் குற்றி வைத்துத் தொடங்கப் போகிறாளாம். 2018 அபாயா விஷயத்தைச் சொல்வதா என்று தயங்கினாள், பிறகு "சொல்லத்தான் வேணும் அப்பா" என்றாள். நான் மறுக்கவில்லை.

ஒன்றே ஒன்று. எதிரணி இந்தியாவின் "சத்யமேவ ஜயதே"யைத் தூக்கினால் என்ன சொல்வது? அது உபநிடதத்தில் இருப்பதுதானே.

தம்பலகாமம் ரீச்சர் எழுதியது:

ஓம், முண்டக உபநிடதம். ஆனால் சத்தியம் வெல்லும் என்று சொல்ல யாரும் எந்தக் கடவுளையும் ஏற்க வேண்டியதில்லை, தமிழ்நாட்டில் அதையே "வாய்மையே வெல்லும்" என்று தமிழில் வைத்திருக்கிறார்கள். எங்கிருந்து வந்தது என்பது வேறு, சொல்கிறவர் எதை நம்ப வேண்டியிருக்கிறது என்பது வேறு என்று பிரித்துச் சொல்லட்டும். அந்தத் தமிழ்நாட்டு இலச்சினையில் கோயில் கோபுரம் இருக்கிறது, அதைக் கேட்டால் மழுப்ப வேண்டாம், அதுவும் இதே கேள்விக்குள் வருகிறது என்று ஒத்துக்கொள்ளட்டும். நேரம் எத்தனை நிமிடம் என்று எழுதுங்கள், நான் உரையைப் பார்த்துத் தருகிறேன்.