சனிக்கிழமை சினிமா குழு: ஃபாதர் பிரவுன் (1954)

மாலா அத்தை: நாளைக்குப் பார்க்கப்போறது அலெக் கின்னஸ் துப்பறியும் சாமியாரா வர்ற பிரிட்டிஷ் படம் ஃபாதர் பிரவுன்தானே?

சேகர் சித்தப்பா: ஆமாக்கா. தேடும்போது மட்டும் கவனம். அமெரிக்காவுல அதுக்கு 'தி டிடெக்டிவ்'னு பேரு. அதைப் போட்டுத் தேடினா 1968ல வந்த ஃபிராங்க் சினாட்ரா படம் வந்து நிக்கும். கறுப்பு வெள்ளை, ஒன்றரை மணி நேரம், இயக்கம் ராபர்ட் ஹேமர். அதுதான் நம்ம படம்.

ரம்யா: சித்தப்பா, முக்கிய வேஷம் எல்லாமே வெள்ளைக்காரங்க. பிரதிநிதித்துவம், அதாவது யாருக்குத் திரையில இடம் கிடைக்குதுன்னு பேச என்ன இருக்கு?

சேகர் சித்தப்பா: இருக்கும்மா. கதாநாயகனே பிரிட்டன்ல சிறுபான்மை, கத்தோலிக்கர். கத்தோலிக்கர் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துல உட்காரவே 1829ல சட்டம் போட வேண்டியிருந்துச்சு. அந்த ஊர்ல ஒரு கத்தோலிக்கச் சாமியாரை போலீஸைவிடக் கெட்டிக்காரரா காட்டுறது பெரிய விஷயம். ஆரம்பக் காட்சியை விட்டுடாதே. ராத்திரி, இரும்புப் பெட்டி, பக்கத்துல அங்கியோட சாமியார். வேற ஒருத்தர் திருடின பணத்தைத் திருப்பி வைக்க வந்தவரைத்தான் போலீஸ் அள்ளிட்டுப் போகுது.

மாலா அத்தை: அதை நானும் மதிக்கிறேன். ஆனா 'அந்தக் காலம் அப்படி'ன்னு மட்டும் சொல்லாதே சேகர். 1951லயே 'பூல் ஆஃப் லண்டன்'ல பெர்முடாக்காரர் ஏர்ல் கேமரூனுக்கு முக்கிய வேஷம் குடுத்தாங்க. கறுப்பின நடிகர். அதே லண்டன்தான், மூணே வருஷம் முன்னாடி.

ரம்யா: அப்போ எதைக் கவனிக்கணும்?

சேகர் சித்தப்பா: நோட்டுல ரெண்டு பத்தி பிரிச்சுக்கோ. இடது பக்கம் பாத்திரம் எந்த ஊர், வலது பக்கம் நடிகர் எந்த ஊர். ஃபிரெஞ்சுத் திருடன் ஃபிளாம்போ, ஆஸ்திரேலியாவுல வளர்ந்த பீட்டர் ஃபிஞ்ச். ஃபிரெஞ்சுப் பிரபு, ஆங்கிலேயர் எர்னஸ்ட் தெசிஜர். லண்டன்காரன் பெர்ட், தென்னாப்பிரிக்காவுல பிறந்த சிட் ஜேம்ஸ். ஃபிரெஞ்சு இன்ஸ்பெக்டர் மட்டும் அசல் பாரிஸ்காரர், ஜெரார் ஊரி. யூத வம்சம். பின்னாடி 1973ல மதவெறியைக் கேலி பண்ணி 'ரபி ஜாக்கோப்' படம் எடுத்தவர் இவர்தான்.

ரம்யா: அப்போ வெள்ளைக்காரர் எந்த ஊர் ஆளா வேணா வரலாம். மத்தவங்களுக்கு அவங்க வேஷமே கிடைக்காது.

மாலா அத்தை: அதேதான் கண்ணு. கின்னஸே சாட்சி. 1948ல 'ஆலிவர் ட்விஸ்ட்' படத்துல ஃபேகின்ங்கிற யூதத் திருடனா ஒட்டு மூக்கு வெச்சு நடிச்சார். யூதர்கள் எதிர்த்தாங்க, அமெரிக்காவுல அந்தப் படம் 1951 வரைக்கும் வெளிவரலை. 1984ல 'எ பாசேஜ் டு இந்தியா'ல கோட்போலேங்கிற இந்தியப் பேராசிரியரா வர்றார். விக்டர் பானர்ஜி, ரோஷன் சேத்னு அசல் இந்திய நடிகர்கள் அதே படத்துல இருக்காங்க. அதுதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது.

சேகர் சித்தப்பா: சரிதான்க்கா. ஆனா இந்தச் சாமியார் வேஷத்துல பொய்யே இல்லை. ஃபிரான்ஸ்ல பர்கண்டியில படப்பிடிப்பு நடந்தப்ப, அங்கியைப் பார்த்து ஒரு பையன் நிஜச் சாமியார்னு நம்பி அவர் கையைப் பிடிச்சுக்கிட்டு நடந்தான். 1956ல கின்னஸே கத்தோலிக்கரா மாறிட்டார்.

ரம்யா: பெண்கள்?

மாலா அத்தை: திரையில சொல்லும்படியா ஜோன் கிரீன்வுட் ஒருத்தர், லேடி வாரன். பணக்கார விதவை. ஆனா திரைக்கதையில ஹேமரோட தெல்மா ஷ்னீ பேரும் இருக்கு. டைட்டிலை ஓட்டிவிடாதீங்க.

சேகர் சித்தப்பா: இன்னொண்ணு. கதையில சாமியார் தன் கோயில்ல இருக்கிற விலைமதிப்பில்லாத சிலுவையை எடுத்துட்டுப் போறது ரோம் மாநாட்டுக்கு, உலகம் முழுக்க இருக்கிற திருச்சபையோட மாநாடு. பயணக் காட்சியில கூட்டம் வர்ற இடத்துல நிறுத்தி ஒவ்வொரு முகமா பாருங்க. வசனம் யாருக்கு இருக்கு, சும்மா நிக்கிறது யாருன்னு மூணாவது பத்தியில எழுதிக்குங்க.