நீதிபதியும் மோசடி பைனான்சியரும்: நிஜத்தில் இப்படி நடந்திருக்கிறதா?

இரவுவாசகன்:
பழைய புத்தகக் கடையில் கிடைத்த ஒரு க்ரைம் நாவலை நேற்று ராத்திரி ஒரே மூச்சில் முடித்தேன். ஊரையே ஏமாற்றும் பைனான்சியர், அவன் வழக்குக் கோப்பைக் கையில் வைத்திருக்கும் நீதிபதி. வழக்கு வாய்தா மேல் வாய்தா போய், கடைசியில் நீதிபதி பிணமாகக் கிடக்கிறார். கதை ரொம்பப் பிடித்தது, ஆனால் அத்தனை வாய்தாவைத்தான் நம்ப முடியவில்லை. நிஜத்தில் இதுபோல ஏதாவது உண்டா?

மூன்றாம்பெஞ்சு:
உண்டு நண்பரே. பிரான்சில் ஸ்டாவிஸ்கி என்ற மோசடிக்காரரின் வழக்கு. 1927-ல் ஜாமீனில் வந்தவர், அந்த வழக்கு 19 முறை தள்ளிப்போனது! அந்த இடைவெளியில்தான் பயோன் நகராட்சி அடகுக்கடையைப் பிடித்தார். கடை பேரில் கடன் பத்திரம் அச்சடித்து, அடிக்கட்டையில் சின்னத் தொகை, வெளியே போகும் பத்திரத்தில் பெரிய தொகை. ஒரு அமைச்சரின் சிபாரிசுக் கடிதம் வேறு இருந்ததால் இன்சூரன்ஸ் கம்பெனிகள் வாங்கிக் குவித்தன. 1933 டிசம்பரில் குட்டு உடைந்தது, 1934 ஜனவரி 8 அன்று ஷாமொனி என்ற மலை ஊரில் தலையில் குண்டோடு செத்தார். தற்கொலை என்றது போலீஸ், நிறைய பேர் நம்பவில்லை. பாரிஸ் தலைமை அரசு வழக்கறிஞர் பிரதமர் ஷோத்தோனின் மைத்துனர், அப்புறம் எப்படி நம்புவார்கள்? பிரதமரும் அந்த மாதமே பதவி விலகினார்.

கோப்புக்கட்டு:
நீதிபதி பகுதி இதைவிடக் கொடுமை. ஆல்பர் பிரின்ஸ் (Albert Prince) என்ற நீதிபதி, பாரிஸில் நிதிக் குற்றப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர், ஸ்டாவிஸ்கி கோப்பு அவர் கைவழியே போனது. 1934 பிப்ரவரி 20 அன்று, டிஜோனில் இருக்கும் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று வீட்டுக்குப் போன் வந்ததாக மனைவி சொன்னார். கிளம்பிப் போனார். அம்மா நன்றாகத்தான் இருந்தார். அன்று இரவே டிஜோன் அருகே தண்டவாளத்தில் ரயில் அடித்த உடலாகக் கிடைத்தார், பக்கத்தில் ஒரு கத்தி. கொலையா தற்கொலையா என்று இன்றுவரை முடிவாகவில்லை. துப்பறியும் நாவலாசிரியர் சிமெனோன்கூட ஒரு பத்திரிகைக்காகத் துப்புத் துலக்கப் போனார், அவராலும் முடிச்சை அவிழ்க்க முடியவில்லை.

இரவுவாசகன்:
அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று வந்த அந்தப் போனை நினைத்தால் இன்னும் உடம்பு நடுங்குகிறது. மகன் தன்னைப் பார்க்கத்தான் கிளம்பினான் என்று பிறகு தெரிந்தபோது அந்தத் தாய் என்ன பட்டிருப்பார்? சரி, சிமெனோன் எழுதிய அந்தச் செய்திகள் ஆங்கிலத்திலாவது கிடைக்குமா, யாராவது படித்திருந்தால் சொல்லுங்கள்.