சட்டித் தயிரின் மேல் தண்ணீர் நிற்குமா?

கல்லடிக்காரன்:
"சட்டியில் விற்றாலும் பிளாஸ்டிக் கப்பில் விற்றாலும் தயிர் ஒன்றுதான், மண்சட்டி வீண் பாரம்" என்று நேற்று ஒருவர் இங்கே எழுதியிருந்தார். மட்டக்களப்பில் பிறந்தவனால் இதைப் பொறுக்க முடியாது. மண்சட்டியின் சுவரில் நுண்ணிய துளைகள் உண்டு. தயிரில் பிரியும் தண்ணீரை அந்தச் சுவர் உறிஞ்சி, வெளிப்புறத்தில் ஆவியாக விடுவதால்தான் தயிர் இறுகுகிறது, குளிர்ந்தும் இருக்கிறது. கப்பில் அந்தத் தண்ணீர் மேலேதான் நிற்கும்.

கல்முனைவாசி:
எழுதியவன் நான்தான். சென்ற வெள்ளிக்கிழமை வாங்கிய சட்டியின் கடதாசியை அவிழ்த்தபோது, கரண்டி வைப்பதற்கு முன்பே ஒரு விரற்கடை தண்ணீர் நின்றது. உங்கள் சுவர் அன்று எங்கே போயிருந்தது?

கல்லடிக்காரன்:
அது எருமைத் தயிராக இருந்திருக்காது. எருமைப் பாலில் கொழுப்பு ஏறத்தாழ 7 வீதம். பசுப்பாலில் 4 வீதமளவே. அதனால் எருமைத் தயிரின் மேல் தண்ணீர் இலேசில் நிற்காது.

கல்முனைவாசி:
எருமையா பசுவா என்று சட்டியில் எழுதியிருக்கிறதா? கப்பில் உற்பத்தித் திகதியும் காலாவதித் திகதியும் இருக்கின்றன. சட்டியில் ஈரம் ஊறிய கடதாசியும் ஒரு நூலும்தான் இருக்கின்றன. காசு கொடுப்பவன் எதை நம்பி வாங்குவது?

காத்தான்குடியான்:
வெற்றுச் சட்டியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. திருப்பிக் கொடுத்தால் கடைக்காரர் வாங்குவதில்லை. வளவில் போட்டால் மழைத்தண்ணீர் தேங்கி நுளம்பு பெருகுகிறது. பிறகு டெங்கு என்று சுகாதாரப் பரிசோதகர் வாசலில் வந்து நிற்கிறார்.

கல்லடிக்காரன்:
காத்தான்குடிக் காக்கா, சட்டியைக் கவிழ்த்து வையுங்கள். இங்கே பேச்சு தயிரின் மேல் நிற்கும் தண்ணீரைப் பற்றியது. போன மாதம் பசும்பாலைவிடப் பால்மாத் தேநீரே ருசி என்று வாதாடியவரும் இதே கல்முனைவாசிதான். அந்த நாக்கு எருமைத் தயிரை எப்படி அறியும்?

கல்முனைவாசி:
பால்மாவை ஏன் இழுக்கிறீர்கள்? தண்ணீர் நின்றதா இல்லையா என்பதற்குப் பதில் சொல்லுங்கள்.

அக்கரைப்பற்றுத் தம்பி:
அண்ணன்மாரே, ஒரு முறை பாவித்த சட்டியைக் கழுவி மறுபடியும் உறை ஊற்றினால் துளைகளில் கொழுப்பு அடைத்துக்கொள்ளும். அதனாலும் தண்ணீர் நிற்கலாம்.

கல்லடிக்காரன்:
தம்பி, பாவித்த சட்டியில் தயிர் விற்பவனை வியாபாரி என்று சொல்லாதீர். பாலே குறைந்துவிட்டது என்பதுதான் வேர். மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைக்காகப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் சித்தாண்டி வீதியோரம் போராட்டத்தில் குந்தியதை மறந்துவிட்டீர்களா? மாடு மேய நிலம் இல்லாவிட்டால் சட்டிக்குள் கண்டதும் வரும். பழி மட்டும் சட்டிக்கு!

கல்முனைவாசி:
நிலப் பிரச்சினையில் நானும் உங்கள் பக்கம்தான். ஆனால் என் சட்டியில் தண்ணீர் நின்றது. நாளை வேறொரு சட்டி வாங்கி, தண்ணீரை வடித்து அளந்து படம் போடுகிறேன்.

கல்லடிக்காரன்:
படம் பிறகு போடலாம். எந்தப் பால் என்று கடைக்காரரிடம் முதலில் கேட்டுவிட்டு வாருங்கள். எருமைத் தயிரின் மேல் தண்ணீர் இலேசில் நிற்காது.