பேஸ்மென்ட் வேலையும் தெருக்காரர்களின் கேசினோ இரவும்: உங்கள் அனுபவங்களை எழுதுங்கள்

எடிசன், நியூ ஜெர்சி

குளிர்காலத்தில் எங்கள் தெருவில் ஒருவரை ஒருவர் பார்ப்பதே பனி தள்ளும்போதுதான். அதனால் இந்த ஜனவரியில் ஒரு சனிக்கிழமை எல்லாரும் ஒரே வீட்டில் கூடி கேசினோ விளையாடலாம் என்று பேச்சு எழுந்தது. பணம் கிடையாது, வருகிறவர்கள் எல்லாருக்கும் ஒரே அளவு டோக்கன். எங்கள் பேஸ்மென்ட் (வீட்டுக்கு அடியில், தரைமட்டத்துக்குக் கீழே உள்ள அறை) பெரியது, ஆகவே இடம் இங்கேதான் என்று முடிவானது. அதற்கு முந்தைய வார இறுதி முழுக்க அந்த பேஸ்மென்டைச் சீராக்கினோம். இரண்டிலும் அக்கம்பக்கத்தாரின் கை இருந்ததால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் சொல்லுங்கள்.

வீடு 1960களில் கட்டியது. அமெரிக்காவில் வீடுகளுக்கு அடிக்கும் பெயின்டில் ஈயம் கலக்க 1978இல்தான் தடை வந்தது. அதற்கு முந்தைய வீட்டில் பழைய பெயின்டைச் சுரண்டுவதற்கு முன்னால் கட்டாயம் சோதித்துப் பார்க்க வேண்டும். சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அந்தத் தூசி மிகவும் ஆபத்தானது. படிக்கட்டுக் கைப்பிடியில் ஈயம் இருப்பதாகத் தெரிந்ததும் அதை உப்புக்காகிதம் போட்டுத் தேய்க்கும் எண்ணத்தையே விட்டுவிட்டோம். அதற்குரிய பயிற்சி பெற்ற ஆட்கள் வந்து பார்க்கட்டும் என்று ஒதுக்கி வைத்தாயிற்று.

தரையில் பழைய டைல்கள், ஒவ்வொன்றும் 9 அங்குலச் சதுரம். பெயர்த்து எறிந்துவிட்டுப் புதுத் தரை போடுவதாகத்தான் திட்டம். எதிர் வீட்டுப் பெரியவர் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். வந்து பார்த்ததும், "அந்தக் கடப்பாரையைக் கீழே வையுங்கள்" என்றார். அந்தக் காலத்து 9 அங்குல டைல்களிலும் அவற்றை ஒட்டிய கருப்புப் பசையிலும் ஆஸ்பெஸ்டாஸ், அதாவது மூச்சில் போனால் கெடுதல் செய்யும் நார், இருக்க வாய்ப்பு அதிகமாம். உடையாமல் தரையோடு ஒட்டிக்கிடக்கும் வரை அதனால் தொந்தரவில்லை, உடைத்தால்தான் நார் காற்றில் கலக்கும். ஆகவே அவற்றை அப்படியே விட்டு, மேலே கிளிக் வகை வினைல் பலகைகளைப் பரப்பினோம். பலகைகள் அறையின் சூட்டுக்குப் பழக வேண்டும் என்பதால் வியாழக்கிழமையே வாங்கி வந்து கீழே அடுக்கியிருந்தோம். சுவரோரம் கால் அங்குல இடைவெளி விட வேண்டும், வெயில் காலத்தில் பலகை விரிய அந்த இடம் தேவை. பிறகு சுவரின் அடியில் அடிக்கும் பட்டையான பேஸ்போர்டு அதை மறைத்துவிடும்.

சுவரில் குழாய் வேலைக்காக யாரோ எப்போதோ வெட்டிய ஓட்டை ஒன்று இருந்தது. நம் ஊரில் பட்டி பார்ப்பது போலத்தான் இங்கேயும் டிரைவால் என்ற ஜிப்சம் பலகைச் சுவருக்கு மட் என்ற பசையைப் பூசுகிறார்கள். வாளியில் கலந்து விற்கும் மட் ஒவ்வொரு பூச்சுக்கும் ஒரு நாள் காயும். பொடியாக விற்கும் வகையில் 20, 45, 90 என்று எண் போட்டிருக்கும், தண்ணீர் விட்டுக் குழைத்தபின் அது இறுக எடுக்கும் நிமிடக் கணக்கு அது. வார இறுதிக்குள் முடிக்க வேண்டும் என்றால் 45 எண் வாங்குங்கள். எங்களுக்கு அன்றே அடுத்தடுத்துப் பூசி, மறுநாள் பெயின்ட் அடிக்க முடிந்தது. வண்ணம் அடிக்கவும் இப்படி ஓட்டை அடைக்கவும் இந்த மாநிலத்தில் பெர்மிட் தேவையில்லை. புதிதாகச் சுவர் வைத்து அறை பிரித்தாலோ, புது வயரிங் இழுத்தாலோ டவுன்ஷிப் அலுவலகத்தில் அனுமதி வாங்கியே ஆக வேண்டும்.

பக்கத்து வீட்டுக் குஜராத்திக் குடும்பம் ஞாயிறு முழுக்க எங்களோடு தரையில் உட்கார்ந்து பலகை கோத்தது. அந்த அம்மாவோடு வருடக்கணக்கில் கையசைப்பு மட்டும்தான். அன்று மதியம் எங்கள் வீட்டுப் புளியோதரையும் அவர்கள் கொண்டுவந்த தேப்லா ரொட்டியும் பெயின்ட் டப்பாக்களுக்கு நடுவே வைத்துச் சாப்பிட்டோம்.

சரி, கேசினோ இரவு. பெரியவர் பிளாக்ஜாக் மேசையில் சீட்டுப் போட்டார். கையிலுள்ள சீட்டுகளின் கூட்டுத்தொகை 21ஐத் தாண்டாமல் அதற்கு அருகில் வர வேண்டும், தாண்டினால் தோல்வி. 16 வரை கட்டாயம் சீட்டு எடுப்பார், 17 வந்தால் நின்றுவிடுவார், அதில் அவருக்கு எந்த விருப்பத் தேர்வும் கிடையாது. அது தெரிந்தபின் நாம் ஆடும் விதமே மாறிவிடுகிறது. அவர் கையில் திறந்திருக்கும் சீட்டு 5 அல்லது 6 என்றால் அவர் 21ஐத் தாண்டிப் போகும் வாய்ப்பு அதிகம், நாம் 13லேயே நின்றுவிடலாம். என் மகள் இதைத் தானே கண்டுபிடித்து மற்றப் பிள்ளைகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தாள்.

எனக்குப் பிடித்தது ரூலெட் மேசை, சுழலும் சக்கரத்தில் பந்து எந்த எண்ணில் விழும் என்று பந்தயம் வைப்பது. அமெரிக்கச் சக்கரத்தில் 1 முதல் 36 வரை, அதோடு 0, 00 என்று மொத்தம் 38 குழிகள். ஓர் எண்ணில் வைத்து ஜெயித்தால் ஒன்றுக்கு 35 தருவார்கள். ஒரு பையன் 38 எண்களிலும் ஒவ்வொரு டோக்கன் வைத்தான். பந்து விழுந்ததும் ஜெயித்த 35உம் வைத்த 1உம் சேர்ந்து 36 கைக்கு வந்தன. "ரெண்டு எங்கே?" என்று கேட்டான். அந்த இரண்டுதான் கேசினோவின் வருமானம், நூற்றுக்கு 5.26. எங்கே பந்து விழுந்தாலும் அது கேசினோவுக்குத்தான். வகுப்பில் நிகழ்தகவை இவ்வளவு கூர்மையாக யாரும் சொல்லித் தந்து நான் பார்த்ததில்லை.

அதிக டோக்கன் சேர்த்தவருக்குப் பரிசு: அடுத்த முறை பனி பெய்தால் அவர் வீட்டுக் கார் பாதையில் விழும் பனியைத் தெருப் பிள்ளைகள் தள்ளித் தருவார்கள். இரவுப் பணிக்குப் போகும் ஒரு நர்ஸ் ஜெயித்தார். பொருத்தமான ஆளுக்குத்தான் போனது.

நேப்பர்வில், இல்லினாய்

அக்கா, பிரமாதம். எங்கள் பக்கத்தில் இது நிதி திரட்டும் நிகழ்ச்சியாக நடக்கும். நுழைவுச் சீட்டுக்குப் பணம் வாங்கி, டோக்கனுக்கும் பணம் வாங்கி நடத்துகிறார்கள். இல்லினாயில் அதற்கென்றே தனிச் சட்டம் உண்டு, தொண்டு அமைப்புகள் மாநில வருவாய்த் துறையிடம் உரிமம் வாங்க வேண்டும். ஆகவே "நல்ல காரியத்துக்குத்தானே" என்று யாரும் தாங்களாகவே தொடங்கிவிட வேண்டாம். முதலில் உங்கள் மாநில விதியைப் பாருங்கள். நியூ ஜெர்சியிலும் காசு புழங்கினால் விதிகள் உண்டு.

இரண்டு பகடைகளை உருட்டி ஆடும் கிராப்ஸ் மேசை கிடைத்தால் விடாதீர்கள். முழு அரங்கும் அங்கேதான் கத்தும். முதல் வீச்சில் 7 அல்லது 11 விழுந்தால் ஜெயம், 2, 3, 12 விழுந்தால் தோல்வி, வேறு எண் விழுந்தால் 7 வருவதற்குள் அதே எண் மறுபடி வர வேண்டும். இந்தச் சாதாரணப் பந்தயத்தில் கேசினோவுக்கு நூற்றுக்கு 1.41தான். அதே மேசையில், அடுத்த வீச்சில் 7 விழும் என்று கட்டினால் 16.67 போகிறது. அதே பகடைகள்தான், அதே மேசைதான், பாருங்கள் வித்தியாசத்தை.

இன்னொன்று, இதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். பேஸ்மென்டில் இனி பிள்ளைகள் அதிக நேரம் இருப்பார்கள் என்றால் ரேடான் சோதனை செய்யுங்கள். மண்ணிலிருந்து கசிந்து வரும் வாயு, நிறமோ மணமோ இல்லை. இந்த நாட்டில் நுரையீரல் புற்றுநோய்க்குப் புகைப்பழக்கத்துக்கு அடுத்த காரணம் அதுதான். கடையில் சோதனைப் பெட்டி கிடைக்கும். ஜன்னல்களை மூடி வைத்துச் சில நாள் விட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். ஒரு லிட்டர் காற்றுக்கு 4 பிக்கோகியூரி (கதிரியக்க அளவு) அல்லது அதற்கு மேல் வந்தால் குழாயும் விசிறியும் வைத்து வெளியேற்றச் சொல்கிறார்கள். எங்கள் வீட்டில் வைத்திருக்கிறோம்.

பார்சிப்பனி, நியூ ஜெர்சி

எல்லாரும் மகிழ்ச்சியாக எழுதியிருக்கிறீர்கள். நான் வேறு மாதிரி எழுதப் போகிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

என் அண்ணன் அட்லான்டிக் சிட்டிக்குப் பேருந்தில் போய் வரத் தொடங்கியவர். லாஸ் வேகஸ் இருக்கும் நெவாடாவுக்கு அடுத்து, சட்டப்படி கேசினோ திறந்த மாநிலம் எங்களுடையது. 1976இல் வாக்கெடுப்பு, 1978இல் முதல் கேசினோ. அப்போதாவது இரண்டு மணி நேரம் பயணம் செய்து போக வேண்டியிருந்தது. 2013 நவம்பரில் இங்கே ஆன்லைன் கேசினோ வந்தது, 2018இல் விளையாட்டுப் பந்தயமும் வந்தது. அதன்பின் அவர் வீட்டுக் கழிவறையில் உட்கார்ந்துகொண்டே ஆடினார். அண்ணியின் நகை, பிள்ளைகளின் கல்லூரிக்குச் சேர்த்தது என்று வரிசையாகப் போயிற்று.

கோயம்புத்தூரில் என் மைத்துனர் ஒருவருக்கும் ஆன்லைன் ரம்மியால் இதே கதி. அங்கே 2022இல் மாநிலச் சட்டம் வந்து, வழக்குக்குப் போய், ரம்மி திறமை விளையாட்டா அதிர்ஷ்ட விளையாட்டா என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். 2025இல் மத்திய அரசே பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்குத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. அதற்குள் அவர் வீட்டை விற்றாகிவிட்டது.

அண்ணனை மீட்டது 1-800-கேம்ப்ளர் என்ற உதவி எண்தான். இங்கே நியூ ஜெர்சியில் தொடங்கியது, இன்று பல மாநிலங்களில் விளம்பரங்களின் அடியில் அந்த எண் இருக்கும். அவர்கள் வழிகாட்டி, அவரே கையெழுத்திட்டுத் தன்னைக் கேசினோக்களிலிருந்து விலக்கிக்கொள்ளும் பட்டியலில் சேர்ந்தார். ஓராண்டு, ஐந்தாண்டு என்று தேர்ந்தெடுக்கலாம். அவர் ஐந்தாண்டு எடுத்தார்.

எங்கள் தெருவிலும் கேசினோ இரவு என்று அழைப்பு வந்தது. அண்ணன் போகவில்லை. ஏன் வரவில்லை, பணமே இல்லையே, வெறும் பிளாஸ்டிக்தானே என்று நல்ல மனதோடுதான் கேட்டார்கள். அவருக்கு அந்தச் சக்கரத்தின் சத்தமே போதும். உங்களை நடத்த வேண்டாம் என்று சொல்லவில்லை. வரவில்லை என்று சொல்பவரிடம் இரண்டாம் முறை காரணம் கேட்காதீர்கள். அதே இரவில் அதே வீட்டில் சீட்டும் பகடையும் இல்லாத ஓர் அறை இருந்தால் அவரும் வந்திருப்பார்.

ஃபிரிஸ்கோ, டெக்சாஸ்

பார்சிப்பனி அண்ணா, எழுதியதற்கு நன்றி. எங்கள் அடுத்த கூடலில் கேரம் போர்டும் தேநீரும் தனி அறையில் இருக்கும்.

இங்கே பேஸ்மென்ட் அபூர்வம். வடக்கு டெக்சாஸ் மண் களிமண், நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். வீடு அதோடு அசைவதால் கதவு மூலைகளில் சாய்வாக விரிசல் விழும். கோடையில் அஸ்திவாரத்தைச் சுற்றிச் சொட்டுக் குழாய் போட்டு மண்ணை ஈரமாகவே வைத்திருப்போம். விரிசலில் வெறும் மட் பூசினால் அடுத்த கோடையில் திரும்ப வரும். வலை நாடா ஒட்டி, அதன்மேல் பூசுங்கள்.

நாங்கள் கராஜைச் சீராக்கினோம். தரைக்கு எபாக்சி என்ற பிசின் பூச்சு போடுவதற்கு முன்னால் எண்ணெய்க் கறையை முழுக்கக் கழுவி, காங்கிரீட்டை அமிலக் கரைசலால் சொரசொரப்பாக்க வேண்டும். மொத்த வேலையின் உயிரே அதுதான். பூசியபின் ஒரு நாள் கழித்து நடக்கலாம், காரை ஏற்றச் சில நாள் பொறுக்க வேண்டும். எங்கள் வீட்டில் கார் வெளியே நின்ற அந்த நாட்களில்தான் கூடல்.

டெக்சாஸில் வணிகக் கேசினோ கிடையாது. ஆட வேண்டும் என்பவர்கள் எல்லை தாண்டி ஓக்லஹோமாவின் வின்ஸ்டார் கேசினோவுக்கு ஓட்டிப் போகிறார்கள். வீட்டில் ஆடுவதற்குச் சட்டம் இடம் தருகிறது, ஆனால் தனியார் இடமாக இருக்க வேண்டும், வீட்டுக்காரர் தனியே ஆதாயம் எடுக்கக் கூடாது, ஆடும் எல்லாருக்கும் ஒரே மாதிரி வாய்ப்பு இருக்க வேண்டும். நாங்கள் காசே வைக்கவில்லை என்றாலும் அந்த மூன்றாவது நிபந்தனை எனக்குப் பிடித்துப்போனது. மேசை நடத்துபவருக்குச் சாதகமான ரூலெட்டை விட்டுவிட்டு, நம் உள்ளே வெளியே ஆடினோம். ஒரு சீட்டை வெட்டி வைத்து, உள்ளே ஒன்று வெளியே ஒன்று என்று போட்டுக்கொண்டே போவது. வெட்டிய எண் எந்தப் பக்கம் முதலில் விழுகிறதோ அந்தப் பக்கம் ஜெயம். முதல் சீட்டு விழும் பக்கத்துக்கு நூற்றுக்கு 51.5 வாய்ப்பு உண்டு, அதனால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தொடங்கும் பக்கத்தை மாற்றிக்கொண்டே இருந்தோம். எங்கள் தெருவில் மெக்சிகோ நாட்டுப் பாட்டி ஒருவர் இருக்கிறார், ஆங்கிலம் அதிகம் பேசமாட்டார். விதியை ஒரு முறை பார்த்ததும் புரிந்துகொண்டு, "உள்ளே! உள்ளே!" என்று தமிழில் கூவினார். இரவு முழுக்க அந்த மேசையை விட்டு அவர் எழுந்திருக்கவே இல்லை.

எடிசன், நியூ ஜெர்சி

நேப்பர்வில் தம்பி, ரேடான் பெட்டி வாங்கி வைத்துவிட்டோம். முடிவு வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.

பார்சிப்பனி அண்ணா, உங்கள் பதிவைக் கணவரிடம் படித்துக் காட்டினேன். அடுத்த அழைப்பில் "கேசினோ" என்ற பெயர் இருக்காது, விளையாட்டு இரவு என்று போடுகிறோம். சீட்டும் சக்கரமும் கீழே பேஸ்மென்டில், மேலே வரவேற்பறையில் பல்லாங்குழி, செஸ், சாப்பாடு. கீழே வராமலே முழு மாலையும் இருந்துவிட்டுப் போகலாம். பனி தள்ளும் பரிசையும் டோக்கன் கணக்கில் தரப்போவதில்லை, அந்தக் குளிர்காலத்தில் யாருக்கு உண்மையாகத் தேவையோ அவர்களுக்குத் தருவதாகப் பிள்ளைகள் ஒத்துக்கொண்டார்கள். உங்கள் அண்ணன் எடிசன் பக்கம் வந்தால் எங்கள் வீட்டுக்குக் கட்டாயம் அழைத்து வாருங்கள்.

ஃபிரிஸ்கோ தம்பி, உள்ளே வெளியேக்கு ஒரு கட்டு போதுமா, ஆட்கள் கூடினால் இரண்டு கட்டாகக் கலந்தீர்களா? குஜராத்தி அம்மா மூன்று சீட்டு ஆட்டமான தீன் பத்திக்கு மேசை கேட்கிறார், எங்களிடம் இருப்பது மூன்று மேசைதான். கொஞ்சம் விவரமாக எழுதுங்கள்.